இருட்டு மாதங்களில் உருகும் துருவம்: அந்த வெப்பம் எந்த வழியாக வருகிறது?

வெண்மணல் எழுதியது:

இந்தியாவின் ஆர்க்டிக் ஆய்வு நிலையமான ஹிமாத்ரி இருக்கிற ஊர் என்பதால் நி-ஓலெசுண்டின் வானிலையை அவ்வப்போது பார்த்து வைப்பது என் பழக்கம். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளில், 79 டிகிரி வடக்கில் இருக்கும் சின்னஞ்சிறு ஆய்வூர் அது. 2025 பிப்ரவரியில் அங்கே மாதச் சராசரி −3.3 டிகிரி. 1961 முதல் 2001 வரையிலான பிப்ரவரிகளின் சராசரி −15. ஒரு நாள் 4.7 வரைக்கும் ஏறியிருக்கிறது. புதுப்பனியை அள்ளி ஆராயப் போனவர்கள் உருகிய நீர் குளமாகத் தேங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். மழையும் பெய்திருக்கிறது.

அந்த ஊரில் அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி பாதியைத் தாண்டித்தான் தலைகாட்டும். ஏறக்குறைய நாலு மாத இருட்டு. அடுப்பே மூட்டாத வீட்டில் உலை கொதிக்கிறது என்றால் நெருப்பு எங்கிருந்து வந்தது?

"புவி வெப்பமாகிறது" என்று ஒரு வரியில் முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உலகச் சராசரி ஏறியிருப்பது ஒன்றரை டிகிரியை ஒட்டி. இங்கே ஒன்றிரண்டு நாளில் இருபது டிகிரி, இருபத்தைந்து டிகிரி ஏறுகிறது. அதை அங்கே கொண்டுபோய் இறக்குவது எது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

நேர்க்கேள்வி எழுதியது:

எனக்குத் தெரிந்த பதில்: ஸ்ட்ராடோஸ்பியரின், அதாவது மேகங்களுக்கு மேலே இருக்கும் காற்றடுக்கின், திடீர் வெப்பமடைதல். துருவத்துக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்தில் சில நாட்களுக்குள் 40, 50 டிகிரி ஏறிவிடும். குளிர்காலத்தில் அந்த உயரத்தில் துருவத்தைச் சுற்றி ஓடும் வேகக் காற்றுக்குத் துருவச் சுழல் என்று பெயர், அது உடைந்தது என்று செய்தியில் சொல்வார்களே, அதுதான். அந்தச் சூடு கீழே இறங்குகிறது, தரை சூடாகிறது. இதற்கு மேல் இதில் என்ன மர்மம் இருக்கிறது?

---

பாரமானி எழுதியது:

நேர்க்கேள்வி, நீங்கள் சொல்லும் நிகழ்வு உண்மைதான். 1952-இல் பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் பலூன் அளவீடுகளில் அதைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தச் சூடு தரைக்கு இறங்கி வருவதில்லை. 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அவ்வளவு மெல்லிய காற்றில் ஐம்பது டிகிரி ஏறினாலும் அதில் அடங்கிய வெப்பம் சொற்பம். அங்கிருந்து கீழே வருவது காற்றோட்டத்தின் அமைப்பில் ஏற்படும் மாற்றம். அதுவும் இறங்கி வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். இதற்கு இழையில் பிறகு வருகிறேன், 2018-ஐப் பேசும்போது அது தேவைப்படும்.

வெண்மணல் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற மிகத் தெளிவான உதாரணம் 2015 டிசம்பர் கடைசி வாரம். ஐஸ்லாந்து அருகே ஒரு தாழ்வழுத்தம் வெகு வேகமாக ஆழப்பட்டு, மையத்தில் அழுத்தம் 928 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி விழுந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் அதற்கு ஃபிராங்க் என்று பெயர் வைத்திருந்தன. 1999-இல் ஒடிசாவைச் சிதைத்த சூப்பர் புயலின் மைய அழுத்தம் 912. அந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஆழம் இது. ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி. வங்கக் கடல் புயல் கடலின் சூட்டைக் குடித்து வளர்வது. வட அட்லாண்டிக் குளிர்காலப் புயல், பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் மோதுகிற வித்தியாசத்தில் வளர்வது. அளவிலும் பல மடங்கு பெரியது.

டிசம்பர் 29 பின்னிரவில், துருவத்துக்கு அருகே பனிக்கட்டியோடு மிதந்துகொண்டிருந்த ஒரு மிதவை −26.8 காட்டியது. மறுநாள் நண்பகல் வாக்கில் அதே மிதவை −0.8. சுற்றிலும் கும்மிருட்டு. அந்த இடத்தில் அந்த நாளில் இருக்க வேண்டியது −30-ஐ ஒட்டி.

புயல் மட்டும் இருந்தால் இது நடக்காது என்பதுதான் முக்கியம். ஐஸ்லாந்து அருகே குளிர்காலத்தில் புயல் வராத வாரமே கிடையாது, அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பா பக்கம் ஒதுங்கிப் போய்விடும். கிழக்கே, ஸ்காண்டிநேவியாவிலோ யூரல் மலைப்பக்கத்திலோ, ஒரு உயர் அழுத்தம் நகராமல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக ஓடும், உயர் அழுத்தத்தைச் சுற்றி வலஞ்சுழியாக. மேற்கில் தாழ்வு, கிழக்கில் உயர்வு என்று நின்றால் இரண்டுக்கும் நடுவிலுள்ள காற்று இரண்டு பக்கமிருந்தும் வடக்கே தள்ளப்படும். கரும்பாலையில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று நடுவில் கொடுக்கும் கரும்பை இழுத்துக்கொள்ளுமே, அப்படித்தான். கரும்பு, அட்லாண்டிக்கின் ஈரக் காற்று. அது போய் விழும் இடம் துருவம்.

கிழக்கே நிற்கிற உயர் அழுத்தத்துக்கு 'தடுப்பு' என்று பெயர். அது நகர மறுக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆலை ஓடிக்கொண்டே இருக்கும்.

---

கோத்தகிரிக்காரி எழுதியது:

எனக்கு வானிலைப் படிப்பு கிடையாது. கேட்கலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தேயிலை வைத்திருக்கிறோம். டிசம்பர், ஜனவரியில் மாலை ஆறு மணிக்கு வானத்தைப் பார்த்தாலே அன்று உறைபனி விழுமா விழாதா என்று அப்பா சொல்லிவிடுவார். மேகமே இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால் விடியும்போது தாழ்வான காடெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், கொழுந்து கருகிவிடும். மேட்டுக் காட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. மேகம் மூடிக்கொண்டாலோ காற்று வீசினாலோ பயமில்லாமல் தூங்கலாம். நாலைந்து மாதம் விடியாத ஒரே ஒரு ராத்திரிதான் துருவத்துக் குளிர்காலம் என்று நினைத்துக்கொண்டால், அங்கேயும் இதே கணக்குதானா?

---

பாரமானி எழுதியது:

அம்மா, இதே கணக்குதான். நான் அடுத்து எழுத வைத்திருந்ததன் பாதியை உங்கள் அப்பா மாலை ஆறு மணிக்கே சொல்லிவிட்டிருக்கிறார்.

துருவத்துக் குளிர் வேறெங்கிருந்தும் வருவதில்லை, அங்கேயே உற்பத்தியாவது. பனித்தரை இரவும் பகலும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அதில் பெரும்பங்கு விண்வெளிக்குப் போய்விடும். திரும்பக் கொடுக்கச் சூரியனும் இல்லை. 1997-98 குளிர்காலத்தில் ஒரு கனடியக் கப்பலை அலாஸ்காவுக்கு வடக்கே பனிக்கட்டியில் உறையவிட்டு ஷீபா என்ற ஆய்வை நடத்தினார்கள். 2015-இல் நார்வேயின் லான்ஸ் கப்பலை ஸ்வால்பார்டுக்கு வடக்கே அதேபோல் உறையவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே விஷயம் வெளிப்பட்டது. துருவக் குளிர்காலத்தில் வானம் இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் பெரும்பாலும் இருக்கிறது. தெளிந்த நிலையில் தரை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 40 வாட் நிகரமாக இழக்கிறது. நீர்த்துளிகள் கொண்ட தாழ்ந்த மேகம் மூடிய நிலையில் நிகர இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். நடுநிலை என்று ஒன்று அரிதாகவே நிற்கிறது. கதவு திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும்.

தெற்கிலிருந்து வரும் காற்று என்ன கொண்டுவருகிறது என்று பாருங்கள். பூஜ்ய டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 4.8 கிராம் நீராவி வரை வைத்திருக்கும். −30-இல் அரை கிராம்கூடத் தாங்காது. ஆக வடக்கே போகப் போக அந்த ஈரம் வெளியேறியே ஆக வேண்டும். மேகமாகக் குளிர்ந்து சுருங்கும்போது கிலோவுக்கு 25 லட்சம் ஜூல் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே விட்டுவிடுகிறது. அட்லாண்டிக்கில் நீரை ஆவியாக்கிய அதே வெப்பம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து திரும்பக் கிடைக்கிறது. உருவான மேகமோ தரையின் மேல் போர்வையாக நின்றுகொள்கிறது. புயல் கொண்டுவந்த வெதுவெதுப்புக் காற்று ஒரு பங்கு என்றால், அது மூடிவிட்டுப் போகும் கதவு இன்னொரு பங்கு. அதனால்தான் காற்று ஓய்ந்த பிறகும் சில நாட்களுக்குச் சூடு தங்குகிறது.

மேட்டுக் காட்டில் உறைபனி விழாது என்றீர்கள் பாருங்கள், அதுவும் அங்கே உண்டு. தெளிந்த நாட்களில் தரையை ஒட்டிய காற்றுதான் மிகக் குளிர்ந்தது, சில நூறு மீட்டர் ஏறினால் பத்து டிகிரிக்கு மேல்கூட வெப்பம் கூடியிருக்கும். வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தது. புயற்காற்று அந்த அடுக்கைக் கலக்கிவிட்டால் மேலே இருந்த வெதுவெதுப்பு தரைக்கு வந்துவிடும். வெப்பமானி முதல் சில மணி நேரத்தில் தாவி ஏறுவதற்கு இந்தக் கலக்கலும் ஒரு காரணம்.

---

வெண்மணல் எழுதியது:

'குளிர் அங்கேயே உற்பத்தியாவது' என்ற ஒரு வரி எனக்குப் பல வருடக் குழப்பத்தைத் தீர்த்தது. நான் இதுவரை வெப்பம் 'வருவதை' மட்டும் தேடிக்கொண்டிருந்தேன், குளிர் 'உண்டாவது' நின்றுபோவதை யோசித்ததே இல்லை.

---

நேர்க்கேள்வி எழுதியது:

ஸ்ட்ராடோஸ்பியர் விஷயத்தில் என்னைத் திருத்தியதற்கு நன்றி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இப்போது வேறு கேள்வி எழுகிறது. எல்லாம் புயலும் தடுப்பும் மேகமும்தான் என்றால் இது வானிலை. நான்சென் 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு ஆர்க்டிக்கைக் கடந்தபோதும், நடுக்குளிர்காலத்தில் வெப்பம் திடீரென்று ஏறிய நாட்களைக் குறித்துவைத்திருக்கிறார்கள். அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. பின்னே எதற்கு இதைப் புதிது என்று எழுதுகிறார்கள்? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை. புயல் காரணமா, காலநிலை மாற்றம் காரணமா என்று தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

கடல்மிதவை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடல் அளவீட்டுக் கருவிகள் என் வேலை, அதனால் கீழே இருக்கிற கடலைப் பற்றிச் சொல்கிறேன். காற்றைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள்.

நி-ஓலெசுண்டின் வாசலில் இருப்பது காங்ஸ்ஃபியோர்டு; ஃபியோர்டு என்றால் நிலத்துக்குள் நீண்டு புகுந்த ஒடுங்கிய கடல். அங்கே 2014 ஜூலையில் இந்தியா இண்டார்க் என்ற கடலடிக் கருவித் தொகுதியை இறக்கியது. 192 மீட்டர் ஆழம். கோவா துருவ ஆய்வு மையத்தோடு சேர்ந்து, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது. அந்த ஃபியோர்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே ஏறும் வெப்ப நீரோட்டத்தின் கடைசிக் கிளை ஸ்வால்பார்டின் மேற்குக் கரையை உரசிக்கொண்டு போகிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறைந்து கிடந்த அந்த ஃபியோர்டு, 2006-ஐ ஒட்டிய குளிர்காலங்களிலிருந்து பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று வழியில் எதன் மேல் பயணிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பனிக்கட்டி மூடிய கடல் என்றால் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சூட்டையும் ஈரத்தையும் இழந்துகொண்டே போகும். திறந்த கடல் என்றால் கீழே நீர் உறையாமல் நிற்கிறது, காற்று இளைக்காமல் போகும், இன்னும் ஈரம்கூட ஏற்றிக்கொள்ளும். நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரண்ட்ஸ் கடலிலும் ஸ்வால்பார்டுக்கு வடக்கிலும் குளிர்காலப் பனி விளிம்பு பின்வாங்கியிருக்கிறது. துருவத்துக்கும் திறந்த நீருக்கும் இடைப்பட்ட தூரம் குறைந்திருக்கிறது. நான்சென் காலத்துப் புயலும் இன்றைய புயலும் ஒரே பலத்தில் தள்ளினாலும், இன்றைக்குத் தள்ளப்படும் காற்று துருவத்துக்குப் போய்ச் சேரும்போது சூடு அதிகம் மிஞ்சியிருக்கும். 2015 நிகழ்வை ஆராய்ந்த மூர் என்ற கனடிய ஆய்வாளரும் இந்தத் திசையில்தான் விளக்கம் சொன்னார்: வெப்பத்தின் இருப்பே துருவத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்துவிட்டது.

அதனால் 'வானிலையா காலநிலையா' என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வாரம் என்பதைப் புயல் முடிவு செய்கிறது. எவ்வளவு சூடு, எத்தனை நாள், எத்தனை முறை என்பதில் கடலின் நிலைமைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அந்த ஏற்றம் குளிர்கால மாதங்களில்தான் மிகுதி.

---

பாரமானி எழுதியது:

கடல்மிதவை சொன்னதற்கு ஒரு அளவு சேர்க்கிறேன். கிரீன்லாந்தின் வடமுனையில் கேப் மோரிஸ் ஜெசப் என்ற ஆளில்லா வானிலை நிலையம் இருக்கிறது, துருவத்திலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். டென்மார்க்கின் வானிலை நிறுவனம் நடத்துவது. 2018 பிப்ரவரியில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே நின்ற நேரம் 61 மணி. அதற்கு முன், ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முடிய எண்ணினாலும் உச்சம் 2011-இன் 16 மணிதான். அந்த 2018 பிப்ரவரியில் உச்ச வெப்பநிலை 6.1 டிகிரி. 1896-லும் ஏறியது, 2018-லும் ஏறியது என்று ஒரே வரியில் எழுதினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

---

வடகடல்_தவம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது ட்ரொம்சோவில, நோர்வேயின்ர வடக்கு. இஞ்ச முப்பது வருசத்துக்குக் கிட்ட. எங்கட ஆக்கள் எண்பதுகளில மீன் பதனிடுற வேலைக்கு எண்டு வந்து வடக்குக் கரையெல்லாம் இருந்தவை, கன பேர் பிறகு ஒஸ்லோவுக்குப் போட்டினம். நான் நிண்டிட்டன்.

நீங்கள் எழுதுற இந்தக் காத்தை நான் வாசலில நிண்டு அனுபவிக்கிறனான். நவம்பர் கடைசியில இருந்து ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் எங்களுக்குச் சூரியன் இல்லை. அந்த இருட்டுக்குள்ள தென்மேற்குக் காத்து ஒண்டு கிளம்பும். காலமை −12 இருந்தது பின்னேரம் +4 ஆகி மழை கொட்டும். வெளியில இருக்கிற ஆக்கள் நினைப்பினம், சூடு வந்தால் நல்லதுதானே எண்டு. நல்லதில்லை. இறுகின பனிக்கு மேல மழை பெஞ்சு, பிறகு திரும்ப உறையும். றோட்டு முழுக்கக் கண்ணாடி. −15 எண்டால் சப்பாத்து பிடிக்கும், நிம்மதியா நடக்கலாம். +3 எண்டால்தான் சனம் விழுந்து கையைக் காலை உடைக்கிறது. ஆஸ்பத்திரியில வேலை செய்யிற எங்கட பிள்ளையளும் அந்த நாளையில தான் ஓய்வில்லாமல் நிக்கிறது எண்டு சொல்லுவினம்.

மலையில இன்னும் மோசம். சாமி எண்டு இஞ்சத்தைய பூர்வீகக் குடி ஆக்கள் இருக்கினம், கலைமான் வளக்கிறவை. கலைமான் தன்ர குளம்பால பனியைக் கிண்டி அடியில இருக்கிற பாசியைத் தின்னும். மழை பெஞ்சு உறைஞ்சால் பாசிக்கு மேல ஒரு கட்டி மூடி. குளம்பு உள்ள போகாது. சாப்பாடு காலுக்குக் கீழ இருக்கும், வாய்க்குக் கிடைக்காது. ஒரு சாமிக் கிழவர் எனக்கு அந்தப் பனிக்கட்டியை உடைச்சுக் காட்டினவர். கண்ணாடிக்குள்ள பாசி அப்பிடியே தெரிஞ்சுது. அதை இண்டைக்கும் மறக்கேல்லை.

---

கடல்மிதவை எழுதியது:

தவம் அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இதுதான் பெருமளவில் நடந்தது. பனி மேல் மழை, அதன் மேல் கடும் உறைவு. நேனெட்ஸ் மக்கள் மேய்த்த கலைமான்களில் 61,000 அந்தக் குளிர்காலத்தில் பட்டினியால் செத்தன. 2006-இல் அதே பகுதியில் 20,000. இரண்டு முறையும், பக்கத்தில் இருக்கும் பேரண்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்திருந்ததையும் காற்றில் ஈரம் மிகுந்ததையும் ஆய்வாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். ஸ்வால்பார்டில் 2012 ஜனவரி 30 அன்று நி-ஓலெசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் மழை. சென்னையில் ஒரு நாளைக்கு அவ்வளவு பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும். அங்கே அது நடுக்குளிர்காலத்தில், உறைந்த தரையில். மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் அப்படியே பனிக்கட்டித் தகடாகிவிடும்.

---

வெண்மணல் எழுதியது:

2018 பிப்ரவரி செயற்கைக்கோள் படங்களில் கிரீன்லாந்துக்கு வடக்கே கடல் கறுப்பாகத் திறந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆர்க்டிக்கிலேயே மிகத் தடித்த பழைய பனி இருக்கிற இடம் அது என்பார்கள். 6 டிகிரி வெப்பத்தில் அது உருகிவிட்டதா?

---

கடல்மிதவை எழுதியது:

உருகவில்லை. தள்ளப்பட்டது. நாட்கணக்கில் தெற்கிலிருந்து அடித்த பலத்த காற்று பனிக்கட்டியைக் கரையைவிட்டு வடக்கே நகர்த்திவிட்டது, நடுவில் நீர் தெரிந்தது. சில நாள் 5, 6 டிகிரிக் காற்று பட்டதும் மீட்டர் கணக்கான பனி கரைந்துவிடாது. குளிர்கால வெப்ப நுழைவின் சேதம் வேறு விதம்: பனி வளர வேண்டிய நாட்களில் வளராமல் போகிறது.

பாரமானி சொன்ன 40 வாட்டை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 40 வாட் என்றால் ஒரு நாளில் சுமார் 35 லட்சம் ஜூல். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் பனிக்கட்டி உண்டாக ஏறக்குறைய 31 லட்சம் ஜூல் வெளியேற வேண்டும். அந்த இழப்பு முழுவதும் கீழே கடல்நீரை உறையவைக்கவே செலவானால், தெளிந்த வானம் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் பனி வளர்க்கும். நடைமுறையில் ஒரு பகுதி பனிக்கட்டியையே மேலும் குளிர்விப்பதில் போகும், மேலே கிடக்கும் பனித்தூளும் போர்வையாகிவிடும், அதனால் வளர்ச்சி இதைவிடக் குறைவு. ஆனாலும் மேகம் ஒரு வாரம் மூடி நின்றால் என்ன இழப்பு என்று உங்களுக்கே தெரியும். கோடைக்குள் போகும் பனி அந்த அளவுக்கு மெலிந்து போகிறது.

---

நேர்க்கேள்வி எழுதியது:

கேப் மோரிஸ் ஜெசப்பின் தெற்கே மலைத்தொடர் இருக்கிறது. மலையேறி மறுபக்கம் இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும், ஆல்ப்ஸில் ஃபோன் காற்று என்பார்கள். அந்த 6.1 டிகிரியில் மலை கொடுத்தது எவ்வளவு, அட்லாண்டிக் கொடுத்தது எவ்வளவு?

---

பாரமானி எழுதியது:

நல்ல கேள்வி. தெற்குக் காற்று அந்த மலைகளைத் தாண்டி இறங்கினால் அங்கே சில டிகிரி கூடத்தான் செய்யும். அதனால் அந்த ஒரு நிலையத்தின் உச்ச எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு துருவம் முழுவதும் 6 டிகிரி என்று எழுதினால் தவறு. ஆனால் 2015 டிசம்பரில் அளந்த மிதவைகளுக்குப் பக்கத்தில் மலை எதுவும் இல்லை, நடுக்கடல் பனி. ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019-20 குளிர்காலம் முழுவதும் பனியோடு மிதந்ததே, அங்கேயும் 2020 ஏப்ரல் நடுவில் −30-ஐ ஒட்டி இருந்த காற்று சில நாட்களில் பூஜ்யத்தை நெருங்கியது. மலை எண்ணைக் கொஞ்சம் உயர்த்தும், மலை இல்லாமலும் இது நடக்கும்.

இனி 2018-இல் ஸ்ட்ராடோஸ்பியரின் பங்கு. பிப்ரவரி 12-ஐ ஒட்டித் துருவச் சுழல் இரண்டாகப் பிளந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் அந்தக் குலைவு கீழே இறங்கி, தாழ்ந்த அடுக்கின் காற்றோட்டத்தையும் மாற்றியது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக ஓடும் ஜெட் காற்று நேராக ஓடாமல் பெரிய வளைவுகளாக மடங்கியது, வடக்கு ஐரோப்பாவில் உயர் அழுத்தம் குந்திக்கொண்டது. நான் முதலில் சொன்ன கரும்பாலையின் கிழக்கு உருளை அதுதான். அதன் மேற்குப் பக்கமாக அட்லாண்டிக் காற்று கிரீன்லாந்தின் வடமுனைக்கு ஏறியது. அதன் தெற்குப் பக்கமாக சைபீரியக் குளிர் மேற்கே திரும்பி ஐரோப்பாவுக்குள் பாய்ந்தது. பிரிட்டனில் அதைக் 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்றார்கள். பிப்ரவரி 26 அன்று ரோமில் பனி பெய்தது. அந்த நாட்களில்தான் கேப் மோரிஸ் ஜெசப் ஐரோப்பாவின் பல இடங்களைவிடச் சூடாக இருந்த மணிநேரங்களும் வந்தன. நேர்க்கேள்வி தொடக்கத்தில் சொன்ன பெயர் சரி, அது வேலை செய்த விதம்தான் வேறு.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

ஆர்க்டிக் சூடாவதால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிரலை மிகுகிறதா என்ற விவாதம் இரண்டு பேர் தனிமடலில் தொடங்கியிருக்கிறார்கள். ஆய்வாளர்களே இரு பக்கமாக நின்று வாதாடும் பெரிய விஷயம் அது. தனி இழையாகத் திறந்திருக்கிறேன், அங்கே எழுதுங்கள். இங்கே துருவத்துக்குள் வெப்பம் போகும் வழி மட்டும்.

---

கோத்தகிரிக்காரி எழுதியது:

தென் துருவத்தில் இதெல்லாம் நடக்காதா? அங்கே சுற்றிலும் கடல்தானே.

---

பாரமானி எழுதியது:

நடக்கிறது, இன்னும் வியப்பான அளவில். ஆனால் அங்கே கண்டம் மூன்று கிலோமீட்டர் உயரமான பனிமேடு, ஈரக்காற்று மேலே ஏறுவதே கடினம். கரையோரத்திலேயே பனியாகக் கொட்டித் தீர்ந்துவிடும். 2022 மார்ச்சில் அது மேடேறிவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு வலுவான உயர் அழுத்தம் தடுப்பாக நிற்க, அதன் ஓரமாக ஒரு வளிமண்டல ஆறு, அதாவது ஈரக்காற்றின் நீண்ட ஒடுங்கிய பட்டை, கண்டத்துக்குள் ஆழமாகப் புகுந்தது. மார்ச் 18 அன்று 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் கான்கார்டியா நிலையத்தில் −11.5 டிகிரி. வழக்கத்தைவிட ஏறக்குறைய 39 டிகிரி கூடுதல். வோஸ்டோக்கில் −17.7, மார்ச் மாதத்துக்கான பழைய உச்சம் −32.6. சாதனைகள் அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசத்தில்தான் முறியும். இது பதினைந்து டிகிரி தாண்டியது.

மார்ச் அங்கே இலையுதிர்காலம்தான். 2024 ஜூலை, ஆகஸ்டில், நடுக்குளிர்காலத்திலேயே கிழக்கு அன்டார்க்டிகாவின் பெரும்பரப்பில் வெப்பம் வழக்கத்தைவிடப் பத்து டிகிரி உயர்ந்து வாரக்கணக்கில் நின்றது. அப்போது தெற்குத் துருவச் சுழல் பலவீனப்பட்டிருந்தது. ஈரம், மேகம், காற்று என்ற இதே உறுப்புகள்தாம், தரையமைப்பு வேறு என்பதால் கதை வேறு.

---

வெண்மணல் எழுதியது:

கடைசியாக ஒன்று. அடுத்த நுழைவை முன்கூட்டியே கண்டுகொள்ள எதைப் பார்க்க வேண்டும்?

---

பாரமானி எழுதியது:

நான் பார்ப்பது மூன்று. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து பக்கம் ஆழமாகும் தாழ்வு இருக்கிறதா. அதற்குக் கிழக்கே ஐந்து கிலோமீட்டர் உயர வரைபடத்தில் கோடுகள் வடக்கே வளைந்து, ஒரு உயர் அழுத்த முகடு நாலைந்து நாள் நகராமல் நிற்கிறதா. நீராவி வரைபடத்தில் நடு அட்லாண்டிக்கின் அசோர்ஸ் தீவுப்பக்கமிருந்து ஒரு ஈரப்பட்டை, கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவிலுள்ள ஃபிராம் நீரிணையை நோக்கி நீள்கிறதா. மூன்றும் சேர்ந்தால் நான்கைந்து நாள் முன்னதாகவே கணினிக் கணிப்புகளில் தெரிந்துவிடும். வந்து சேர்ந்த பிறகு டென்மார்க் நிறுவனம் 80 டிகிரிக்கு வடக்கே உள்ள பரப்புக்குப் போடும் வெப்பநிலை வரைபடத்தைப் பாருங்கள். 1958 முதல் இருக்கிறது. கோடைக்கோடு ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்துக்கு மேலே தட்டையாகத்தான் ஓடும், பனி உருகிக்கொண்டிருக்கும்வரை அதற்கு மேல் ஏற முடியாது. குளிர்காலக் கோடு மட்டும் பல்லுப் பல்லாக ஏறி ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு புயல்.

---

கோத்தகிரிக்காரி எழுதியது:

அப்பாவுக்கு முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். 'கதவு திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும்' என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

---

வடகடல்_தவம் எழுதியது:

பாரமானி அண்ணை, நீங்கள் சொன்ன மூண்டையும் நேற்றுப் பாத்தனான். கிழக்குப் பக்கம் முகடு நிக்குது. ஈரப்பட்டை நேர எங்களுக்கு மேலால வடக்க போகுது.

காலமை −11. இப்ப இரவு ஒன்பது மணி, +2. காத்து தென்மேற்கு. கூரையில இருந்து தண்ணி சொட்டத் துவங்கீட்டுது, வெள்ளியள் ஒண்டும் தெரியேல்லை. நாளைக்குப் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போக வேணும். சப்பாத்துக்கு அடியில போடுற ஆணிப்பட்டி ரெண்டு சோடியையும் எடுத்து வாசலில வைச்சிட்டன்.